மாமா பிழைத்திருப்பாரா?

கேள்வி: பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி ஹெராயின் ஊசி போட்டு இறந்துபோனான். அப்போது அவனுக்கு 26 வயது. கூட இருந்த மூன்று நண்பர்கள், அவன் மூச்சு இழுப்பதைப் பார்த்ததும் போலீஸ் வந்துவிடும் என்று பயந்து ஓடிவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த விஷத்தை விற்கிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் எண்ணம். என் மகளுக்கு இப்போது 20 வயது, சட்டம் படிக்கிறாள். போன மாதம் ஏதோ பேச்சுவாக்கில், "எல்லாப் போதைப்பொருளையும் சட்டப்படி விற்க விட்டிருந்தால் மாமா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்மா" என்றாள். நான் எழுந்து போய்விட்டேன். மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை. டாக்டர், நீங்கள் சொல்லுங்கள், அவள் சொல்வது சரியா? இன்னொன்று: அவனுக்குப் பழக்கம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். நானே போலீசில் பிடித்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தருவதையே இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். தம்பியைப் பறிகொடுத்த அக்காக்கள் எழுதும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மகள் சொன்னது.

அவள் சொன்ன வாக்கியத்தில் ஒரே ஒரு இடம் தவறு என்பது என் கருத்து. "சட்டப்படி விற்க விட்டிருந்தால்" என்று சொல்லியிருக்கிறாள். "அந்த நண்பர்களுக்குப் போலீஸ் பயம் இல்லாமல் இருந்திருந்தால்" என்று சொல்லியிருந்தால், நான் மறுக்க மாட்டேன். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. இந்த விவாதத்தில் பாதிச் சண்டை அந்தத் தூரத்தைப் பார்க்காததால் வருவதுதான்.

அந்த அறையில் நடந்ததை மருத்துவராக என்னால் ஊகிக்க முடிகிறது. ஹெராயின் அளவு மீறினால் இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதி மெல்ல மெல்லத் தூங்கிப்போகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை வந்த மூச்சு எட்டாகும், பிறகு நான்காகும். குறட்டை மாதிரி ஒரு கரகரப்பு கேட்கும். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். பெரும்பாலும் இதற்கு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்துக்குள் பிழைக்க வைக்க முடியும். நலாக்சோன் என்று ஒரு மாற்று மருந்து உண்டு. ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. கொடுத்த சில நிமிடங்களில் நீலம் பாரித்துக் கிடந்தவர் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மருந்து கையில் இல்லாவிட்டாலும், யாராவது வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தபடி ஆம்புலன்ஸை அழைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நான் பயிற்சி முடித்த புதிதில் ஒரு இரவு, அவசரப் பிரிவு வாசலில் ஒரு பையனைப் படுக்க வைத்துவிட்டு ஒரு வண்டி கிளம்பிப் போய்விட்டது. தலைமுடியிலிருந்து மார்பு வரை தொப்பலாக நனைந்திருந்தான். மயக்கம் தெளியட்டும் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். சட்டைப்பையில் சிகரெட் அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதில் அவன் வீட்டுத் தொலைபேசி எண், நடுங்கும் கையெழுத்தில். ஒரு எண்ணை அடித்துத் திருத்தியிருந்தார்கள். நாங்கள் என்ன செய்தும் அவன் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அந்த வண்டியில் இருந்தவர்களில் ஒருவன் சிகிச்சைக்காக என்னிடமே வந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஐந்தாவது சந்திப்பில்தான் சொன்னான்: "கூட்டிட்டுப் போகலாமா வேண்டாமான்னு அரை மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தோம் சார். போனா எங்க மேலயும் கேஸ் ஆயிடும்னு பயம்."

அந்த அரை மணி நேரத்தை ஹெராயின் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தின் மேலிருந்த பயம் எடுத்துக்கொண்டது. உங்கள் மகள் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பயத்தைப் போக்கப் பல நாடுகள் சட்டமே இயற்றியுள்ளன. கனடா 2017இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, அளவு மீறிக் கிடப்பவருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும், அந்த இடத்தில் இருப்பவர்கள் மீதும், சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போட முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் இருக்கிறது. இதற்காக ஹெராயினைக் கடையில் விற்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். வியாபாரியைத் தண்டிக்கும் ஒரு பிரிவைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஆக, "தடையா, அனுமதியா" என்று கேட்கும்போது உண்மையில் மூன்று தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். பயன்படுத்துபவரையும் விற்பவரையும் சேர்த்துத் தண்டிப்பது ஒன்று. விற்பனையைக் குற்றமாகவே வைத்துக்கொண்டு, பயன்படுத்துபவரை மட்டும் குற்றவாளி என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது இன்னொன்று. உற்பத்தியையும் விற்பனையையும் சட்டபூர்வமாக்குவது மூன்றாவது. போர்ச்சுகலைக் காட்டி "அங்கே எல்லாமே லீகல்" என்று சொல்பவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

போர்ச்சுகலில் எதுவும் சட்டபூர்வமாகவில்லை. 1990களின் இறுதியில் அந்த நாட்டில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் ஹெராயினில் சிக்கியிருந்ததாக மதிப்பிட்டார்கள். ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவிக்கொண்டிருந்தது. 2001 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தது. ஹெராயினுக்கு அந்த அளவு ஒரு கிராம். பிடிபட்டால் பொருளைப் பறிமுதல் செய்வார்கள். ஆளை ஒரு குழுவின் முன் அனுப்புவார்கள். அந்தக் குழு சுகாதாரத் துறையின் கீழ் வருவது. சட்டம் தெரிந்தவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் போன்ற மூன்று பேர் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவார்கள். அடிமையாகியிருந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள், இல்லாவிட்டால் பெரும்பாலும் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். விற்பவனுக்கு அன்றும் இன்றும் சிறைதான். ஊசி மூலம் வரும் எச்.ஐ.வி. தொற்று அந்த நாட்டில் மிகப் பெரிய அளவில் சரிந்தது. அதிக அளவால் ஏற்படும் மரணங்கள் மேற்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான நாடுகளில் ஒன்றாக அது நீண்ட காலம் இருந்தது.

இதைச் சட்டம் மட்டும் தனியாகச் சாதித்துவிட்டது என்று உங்கள் மகள் நினைத்தால், அவளுக்கு ஓரிகனைக் காட்டுங்கள். அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் 2020 நவம்பரில் மக்களே வாக்களித்து இதேபோன்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதச் சீட்டு. ஓர் உதவி எண்ணை அழைத்துப் பேசினால் அபராதமும் கிடையாது. அழைத்தவர்கள் மிகச் சொற்பம். சீட்டைக் கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை. சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் மையங்களுக்குப் போய்ச் சேரவே மாதக்கணக்கில் தாமதமானது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இல்லை, ஒரு தொலைபேசி எண்தான் இருந்தது. அதே சமயத்தில் ஃபென்டனில் என்ற, ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமுள்ள பொருள் அங்கே வந்து சேர்ந்தது. எனவே மரணங்கள் அனைத்தையும் சட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் தெருவோரங்களில் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்த மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மீண்டும் குற்றமாயிற்று. போர்ச்சுகலிலும், நிதி நெருக்கடிக்குப் பிறகு இந்தத் துறைக்கான பணத்தை வெட்டியபின் போர்ட்டோ போன்ற நகரங்களில் திறந்தவெளியில் ஊசி போடுவது மறுபடி தலைதூக்கி, புகார்கள் வரத் தொடங்கின. தண்டனையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிகிச்சையை வைக்காவிட்டால், மிஞ்சுவது கைவிடுதல்தான். நோயாளியைப் பொறுத்தவரை அது சிறையைவிட எந்த வகையில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, சட்டப்படி விற்பது. இங்கேதான் நான் உங்கள் மகளோடு முரண்படுகிறேன்.

என் புறநோயாளிகள் வரிசையில் மிக அதிகமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஹெராயின்காரர்கள் அல்லர், குடிநோயாளிகள். அவர்களில் ஒருவரையும் சட்டம் துரத்தவில்லை. தரம் சோதித்து, முத்திரை குத்தி, வரி கட்டி விற்ற பொருளைத்தான் குடித்தார்கள். சென்ற மாதம் இறந்த ஒருவர், கணக்கு எழுதுகிறவர், மருந்துச் சீட்டை வாங்கும்போதே கை நடுங்கும். இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்து, சட்டையின் கீழ் இரண்டு பொத்தான்களைப் போட முடியாமல் வந்து உட்காருவார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர். போதைப்பொருள்களால் இறந்தவர்கள் 6 லட்சம். புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல் கொண்டுபோகிறது. சட்டபூர்வமான பொருளை அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். அதையேதான் நானும் சொல்ல வருகிறேன்: விற்பனையைத் திறந்துவிட்டால் பயன்படுத்துபவர் எண்ணிக்கை ஏறும், ஏற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்களும் வருவார்கள்.

ஹெராயின் குடும்பத்தைச் சேர்ந்த பொருளைச் சட்டப்படி தாராளமாக விற்றால் என்ன நடக்கும் என்று யூகிக்கவே வேண்டியதில்லை. 1996இல் அமெரிக்காவில் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிமையாவது அபூர்வம் என்று மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லி விற்றார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற மருத்துவர்கள்; இதைச் சொல்லும்போது என் தொழிலுக்காக வெட்கப்படுகிறேன். பொய்யான தகவல் தந்து விற்றதாக 2007இல் நீதிமன்றத்தில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் சிக்கிவிட்டார்கள். பின்னர் மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்ததும் பலர் தெரு ஹெராயினுக்குப் போனார்கள், அங்கிருந்து ஃபென்டனிலுக்கு. 2022இல் மட்டும் அந்த நாட்டில் போதைப்பொருள் அளவு மீறி 1,07,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கஞ்சாவை ஹெராயினோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அளவு மீறி மூச்சு நின்று சாகிற பொருளல்ல அது. ஆனால் பதின்ம வயதில் தொடங்கி, வீரியம் கூடிய வகையைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி வந்த பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். சட்டபூர்வமாக்கியே தீர வேண்டுமென்றால், உருகுவே செய்தது போலச் செய்யலாம். 2013இல் சட்டம் இயற்றி, 2017 முதல் மருந்துக் கடைகளில், பதிவு செய்துகொண்ட பெரியவர்களுக்கு மட்டும், மாதத்துக்கு 40 கிராமுக்கு மேல் போகாமல், விளம்பரமே இல்லாமல் விற்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அதை மிட்டாயாகச் செய்து வண்ணக் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். கஞ்சா கலந்த தின்பண்டத்தைத் தெரியாமல் தின்ற ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி அந்நாட்டு நச்சுத் தகவல் மையங்களுக்கு 2017இல் வந்த தகவல்கள் 207. 2021இல் 3,054.

சகோதரி, இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். விற்கிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்கிறீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். பிலிப்பைன்ஸில் 2016இல் அதைத்தான் சொல்லிக்கொண்டு போதைப்பொருள் ஒழிப்பு வேட்டையைத் தொடங்கினார்கள். அரசுக் கணக்கின்படியே ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போலீஸ் நடவடிக்கைகளில் கொல்லப்பட்டார்கள்; மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண் இதைவிடப் பல மடங்கு அதிகம். செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், தெருவில் சின்னச் சின்னப் பொட்டலம் கைமாற்றியவர்கள், அதில் பலர் தாங்களே பழக்கத்தில் இருந்தவர்கள். கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுத்து, அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் ஆள் சட்டத்தின் கண்ணில் வியாபாரிதான். உங்கள் தம்பிக்கு அன்று ஊசி கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. ஓடிப்போன மூவரில் ஒருவனாக இருக்கலாம். உங்கள் தம்பியே வேறொரு நாள் இன்னொருவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம். இதைச் சொல்வது உங்களை நோகடிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

தடையால் பயனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் குடியும் ஈரல் நோய் மரணங்களும் முந்தைய காலத்தைவிடக் குறைந்தே இருந்தன. ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது. ஒளித்துக் கடத்த வேண்டுமென்றால் சிறிய இடத்தில் அதிக வீரியத்தை அடைக்க வேண்டும். எனவே பீர் போய்ச் சாராயம் வந்தது. அபின் போய் ஹெராயின் வந்ததும், ஹெராயின் போய் ஃபென்டனில் வருவதும் இதே கணக்குத்தான். ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலில் தாலிபான்கள் அபின் சாகுபடியைத் தடை செய்தார்கள். அடுத்த ஆண்டே பயிரிட்ட பரப்பு 95 சதவீதம் குறைந்ததாக ஐ.நா. அமைப்பு சொன்னது. வயல் காலியானதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பயம்தான் வந்தது. ஃபென்டனிலுக்கு வயலே தேவையில்லை, ஓர் ஆய்வுக்கூடம் போதும். பழகாத உடம்புக்கு இரண்டு மில்லிகிராமே உயிரைக் குடித்துவிடலாம்.

எனவே நான் நிற்கும் இடம் இது. வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், என்னைப் போன்றவர்களிடம் அனுப்புங்கள். ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன், புப்ரெனார்பின் போன்ற மருந்துகள் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றை எடுத்துக்கொள்ளும் காலத்தில் மரண அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நலாக்சோன் ஒவ்வொரு பழக்கக்காரர் வீட்டிலும் இருக்கட்டும். எதற்கும் மசியாத சிலருக்கு ஸ்விட்சர்லாந்து 1994 முதல் மருத்துவக் கண்காணிப்பில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கிறது. அதையும் ஏற்கிறேன், அது மருத்துவம், வியாபாரமல்ல. அந்த நாட்டு மக்கள் 2008 நவம்பரில் ஒரே நாளில் இரண்டு கேள்விகளுக்கு வாக்களித்தார்கள். ஹெராயின் சிகிச்சை தொடரலாம் என்று 68 சதவீதம் பேர் சொன்னார்கள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்றதற்கு ஏறக்குறைய 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அம்மாவும் மகளும் ஒரே சாவடிக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்தது மாதிரி எனக்குத் தோன்றும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. போலீசில் பிடித்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா?

அன்று அந்த அறைக்குப் போயிருக்க மாட்டான், அது உண்மை. ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். சிறையில் சில மாதம் ஊசி இல்லாமல் இருப்பவரின் உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்ததும் கை பழைய அளவையே எடுக்கிறது. பழக்கக்காரர்களின் வாழ்க்கையில் மரண ஆபத்து மிக உச்சத்தில் இருப்பது, சிறையிலிருந்து வந்த முதல் இரண்டு வாரங்களில்தான். நானே அப்படி மூன்று பேரை இழந்திருக்கிறேன். அதில் ஒருவனை அவன் அம்மாவே பிடித்துக் கொடுத்திருந்தார். அவன் காரியம் முடிந்து அவர் என்னிடம் வந்து கேட்டது, நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரான கேள்வி: "நான் பிடிச்சுக் குடுக்காம இருந்திருந்தா பொழச்சிருப்பானா டாக்டர்?"

சிகிச்சையும் இல்லாமல், சொல்லி அழ இடமும் இல்லாமல், போலீஸ் ஒன்றுதான் கதவு என்று இருந்த நிலையில் உங்களுக்குச் சரியான வழி என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்களே, அந்த மூன்று நண்பர்களை விரட்டிய அதே பயம்தான் உங்கள் வாயையும் கட்டியது.

அவனுக்குப் பழக்கம் இருப்பது முன்பே தெரியும் என்பதை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றுதான் தெரிகிறது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மாமா எப்படி இறந்தார் என்பதை மற்றவர்கள் பேசியதை வைத்துத் தானே கோத்துக்கொண்டிருப்பாள். சட்டப் புத்தகத்தில் அவள் தேடிக்கொண்டிருப்பதும் அந்த இரவைத்தான். சட்டத்தைப் பற்றி அவளோடு பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். இன்று இரவு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்களுக்கு எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள்.